ஆடி மாசத் தவணை

தொழில்முனைவோர் ஆக வேண்டும் என்ற கனவு எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. மாவட்டத் தொழில் மையத்தின் படியை நான் ஏறியது மானியத்துக்காக. அக்கா கல்யாணத்துக்கு அப்பா வாங்கிய கடனில் வட்டி மட்டும் போய்க்கொண்டிருந்தது, அசல் அப்படியே நின்றது. அரசாங்கம் ஒன்றேகால் லட்சம் ரூபாய் மானியம் தருகிறதாம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். தொழில் கடன் வாங்குவது, மானியத்தை எடுத்து வட்டிக்காரரிடம் கொடுத்துவிடுவது, மிச்சத்தை வங்கிக்கு மெதுவாகக் கட்டுவது. பி.காம். படித்தவள் போட்ட கணக்கு இது. இத்தனை வருஷமாக இதை வெளியில் சொன்னதில்லை. விழாக்களில் மைக்கைக் கையில் கொடுத்து, உங்கள் வெற்றிக் கதையைச் சொல்லுங்கள் என்பார்கள். நானும் சின்ன வயசுக் கனவு, லட்சியம் என்று ஏதாவது சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன்.

ஊர் அருப்புக்கோட்டை. அப்பாவுக்கு இரண்டு விசைத்தறி, அதுவும் கூலிக்கு ஓடுவது. அம்மா கடைகளுக்குக் காடாத் துணியில் பை தைத்துக் கொடுப்பார், எண்ணிக்கைக்குக் கூலி. துணிக் கட்டை சைக்கிளில் வைத்துத் தள்ளி வந்ததும், தைத்த பைகளை நூறு நூறாகக் கட்டித் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான். 2010இல் பட்டப்படிப்பை முடித்ததும், எல்லோரையும்போல விருதுநகர் போய் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கடிதம் எதுவும் வராது என்று தெரியும். தெரிந்தும் தவறாமல் புதுப்பிப்போம்.

பதிந்து ஐந்து வருஷம் ஆகியும் வேலை கிடைக்காவிட்டால் உதவித்தொகைக்கு மனுப் போடலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பட்டதாரிக்கு மாதம் 600, பிளஸ் டூவுக்கு 400, பத்தாவது தேறியவருக்கு 300, தவறியவருக்கு 200. காலாண்டுக்கு ஒருமுறை சேர்ந்து கணக்கில் ஏறும். எனக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு வந்ததே அந்த 600 ரூபாயால்தான். வீட்டில் யாரும் கணக்குக் கேட்காத பணம் அது ஒன்றுதான். ஆனால் வருஷா வருஷம், எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று ஓர் உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். பேனாவை எடுக்கும்போதே கூசும். போட்டுக் கொடுத்துவிட்டு வந்து, அடுத்த தொகை எப்போது ஏறும் என்று பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டும் உண்மை.

நான் விண்ணப்பித்த திட்டத்தின் முழுப் பெயர், வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். தமிழக அரசு 2010-11இல் கொண்டுவந்தது. அலுவலகத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லமாட்டார்கள், 'யுஒய்இஜிபி' என்றுதான் சொல்வார்கள். எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். நான் போன காலத்தில் பொதுப் பிரிவினருக்கு 35 வயதுவரை. பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவர், மாற்றுத்திறனாளிகள் என்றால் 45. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவருக்குக் கல்லூரி போகிற மகள் இருந்தாள். "நாங்களும் இளைஞர்தான்மா, கவர்மென்ட்டே சொல்லுது" என்று சிரித்தார். எங்கள் தெருவுக்கு இந்த மாதிரிக் கடன் புதிதல்ல. 1993இல் வந்த பிரதமரின் ரோஜ்கார் திட்டத்தில் கடன் வாங்கி எஸ்.டி.டி. பூத் வைத்த அண்ணாச்சி ஒருவர் இருந்தார். செல்போன் வந்ததும் பூத் போய்விட்டது, கடன் இருந்தது. 2008இல் அந்தத் திட்டத்தையே இன்னொன்றோடு சேர்த்து, பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் என்று புதுப்பெயர் வைத்தார்கள். அண்ணாச்சி அதற்குள் மளிகைக்கடையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். "லோனா? யோசிச்சு வாங்குத்தா" என்றார். நான் யோசிக்கவில்லை.

திட்ட அறிக்கை என்று ஒன்று வேண்டுமாம். எழுதித் தருகிறவர் ஒருவர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மாடியில் இருந்தார். என்ன தொழில் என்றார், துணிப் பை என்றேன். மறுநாளே ஸ்பைரல் போட்டுக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து புரட்டினால், ஏழாம் பக்கத்தில் 'பேப்பர் தட்டு உற்பத்தி' என்று இருக்கிறது. யாருடைய அறிக்கையிலோ பெயரை மாற்றியிருக்கிறார், ஓர் இடத்தில் கை தவறிவிட்டது. ஆண்டுக்கு 300 வேலைநாள், முதல் வருஷம் எந்திரத் திறனில் 70 சதவீதம், இரண்டாம் வருஷம் 80, மூன்றாம் வருஷம் 90 என்று லாபம் படிப்படியாக ஏறியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஏழாம் பக்கத்தை மட்டும் திருத்தி வாங்கிக்கொண்டேன்.

நேர்காணலில் குழுவாக உட்கார்ந்திருந்தார்கள், தொழில் மையப் பொது மேலாளர், வங்கிக்காரர்கள். யாரும் அறிக்கையைத் திறக்கவில்லை. ஒருவர் மட்டும் கேட்டார்: "காடா மீட்டர் என்ன விலை போகுது?"

"எத்தனை இஞ்ச் அகலம் சார்?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் நேர்காணல். அம்மாவுக்குத் துணிக் கட்டுத் தள்ளிய சைக்கிள்தான் அன்றைக்கு என்னைத் தேர்வு செய்தது என்பேன்.

தேர்வான கையோடு, மானியம் எப்போது கைக்கு வரும் என்று கேட்டேன். தொழில் மைய அலுவலர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். என்னைப்போல நிறையப் பேரைப் பார்த்திருப்பார். "மானியம் உங்க கைக்கு வராதும்மா. பேங்க்குக்கு நேரா போயிடும். அங்க தனியா கிடக்கும். நீங்க கடனை ஒழுங்கா கட்டிட்டு வந்தா, கடைசியில கழிச்சுக்குவாங்க" என்றார். பிரதமர் திட்டத்திலும் இதே ஏற்பாடுதான், அங்கே மூன்று வருஷம் வைப்பில் கிடக்க வேண்டும். கடன் பணமும் கைக்கு வராது. எந்திரத்துக்கு விலைப்பட்டியல் வாங்கிக் கொடுத்தால், வங்கியே கடைக்காரர் கணக்குக்கு அனுப்பிவிடும். ஆக, என் கணக்கு அன்றைக்கே முடிந்துவிட்டது. பேசாமல் திரும்பி வந்திருக்கலாம். வராததற்குக் காரணம் தைரியமில்லை. தேர்வாகிவிட்டாள் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லியிருந்தார்.

கடன் வருமுன் ஒரு வாரம் தொழில்முனைவோர் பயிற்சி கட்டாயம். பெரும்பாலோருக்கு அது சான்றிதழுக்காக உட்காரும் வாரம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் தூங்குவார்கள். ஜிஎஸ்டி பற்றி ஒருவர் வந்து பேசினார், தர நிர்ணயம் பற்றி ஒருவர். எதுவும் நினைவில் இல்லை. ஒரு பிற்பகலில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் வந்தார். கதர்ச் சட்டை, கையில் ஒரு சாக்பீஸ். நோட்டில் பன்னிரண்டு கட்டம் போடச் சொன்னார். ஜனவரி, பிப்ரவரி என்று எழுத ஆரம்பித்தோம்.

"இங்கிலீஷ் மாசம் வேண்டாம். சித்திரையில ஆரம்பிங்க."

ஒவ்வொருவரிடமும் என்ன தொழில் என்று கேட்டுக்கொண்டு வந்தார். என்னிடம் வந்தார்.

"துணிப் பை சார். முக்கியமா கல்யாணத் தாம்பூலப் பை."

"நல்லது. ஆடியில என்ன செய்வீங்கம்மா?"

எனக்குப் பதில் இல்லை.

"புரட்டாசியில?"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"மார்கழியில?"

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "தவணைக்கு ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாதும்மா. அது மாசாமாசம் வந்து நிக்கும். அந்த மூணு கட்டத்துலயும் என்ன எழுதப் போறீங்கன்னு யோசிச்சு வாங்க" என்றுவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். ஸ்பைரல் போட்ட என் அறிக்கையில் 300 நாளும் ஒரே மாதிரி நாளாக இருந்தது. கல்யாணமே நடக்காத மூன்று மாசம் ஒரு வருஷத்தில் உண்டு என்பது, தாம்பூலப் பை தைக்கிற வீட்டில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த மாசங்களில் அம்மாவுக்குக் கூலி குறையும், வீட்டில் குழம்பு நீர்க்கும். அது கணக்கில் எழுத வேண்டிய சங்கதி என்றுதான் தெரியவில்லை.

ஐந்து லட்ச ரூபாய்த் திட்டம் என்னுடையது. என் பங்கு ஐந்து சதவீதம், 25,000 ரூபாய், அம்மாவின் கம்மல். மிச்சத்துக்கு வங்கிக் கடன். அந்தக் கிளையில் அப்போதிருந்த மேலாளர் வீட்டுப் பத்திரம் கேட்டார். அப்பா பெட்டியைத் திறந்து எடுத்தும் வைத்துவிட்டார். எதற்கும் கேட்டுவைப்போம் என்று தொழில் மைய அலுவலருக்குப் போன் போட்டேன். "பத்து லட்சம் வரைக்கும் சிறு தொழில் கடனுக்குப் பிணையம் கேக்கக் கூடாதும்மா, ரிசர்வ் பேங்க் விதி. பத்திரத்தை உள்ள வைங்க. நான் பேசிக்கிறேன்" என்றார். பேசினாரோ, எழுதினாரோ, பிறகு யாரும் பத்திரம் கேட்கவில்லை. அந்த ஒரு போன் இல்லையென்றால் வீடு வங்கியில் இருந்திருக்கும். இன்றைக்கும் என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு முதலில் சொல்வது இந்த விதியைத்தான். மானியத்தைப் பற்றி அவர்களே தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள்.

2018 பங்குனியில் எந்திரங்கள் வந்து இறங்கின. நாலு பவர் மெஷின், ஓர் ஓவர்லாக், துணி வெட்டுகிற மெஷின், ஸ்கிரீன் பிரின்டிங் மேசை. வைகாசியில் பிடித்த வேலை ஆனி முடியும்வரை ஓயவில்லை.

தாம்பூலப் பையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். பார்க்கச் சின்னப் பை. உள்ளே தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு போடுவார்கள். தேங்காயின் கனம் முழுக்கக் காதில்தான் நிற்கும். காது துணியோடு சேருகிற இடத்தில் சும்மா ஒரு தையல் ஓட்டினால் மண்டப வாசலிலேயே பிய்ந்து தேங்காய் உருளும். அங்கே சதுரமாக ஒரு தையல், அதற்குள் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி இரண்டு தையல் போட வேண்டும். புதிதாக வருகிற பெண்கள் அந்தக் குறுக்குத் தையலைத்தான் அவசரத்தில் விடுவார்கள். கட்டுக்கு ஒரு பையை எடுத்து, முழுத் தேங்காய் போட்டு ஆணியில் மாட்டி ஆட்டிப் பார்ப்பேன். அச்சு அதைவிடப் பாடு. மையும் மருந்தும் சிவகாசியிலிருந்து வரும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியில் மருந்து பூசி, இருட்டில் காயவைத்து, எழுத்துள்ள ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டிக் கழுவினால், எழுத்து இருக்கிற இடம் மட்டும் திறந்துகொள்ளும். ரப்பர் கட்டையால் மையை ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். கை நடுவில் நின்றால் மணமகள் பெயரில் பட்டை விழும். எல்லாம் முடிந்து கொடியில் காயும்போது ராத்திரி பத்து மணிக்குப் போன் வரும்: "மாப்பிள்ளை பேருக்குப் பின்னாடி பி.இ. விட்டுப்போச்சும்மா." அதற்குப் பிறகு ஃபிலிம் போடுமுன்னே பெண் வீட்டுக்காரர் ஒருவர், மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் கையெழுத்து வாங்காமல் நான் இருட்டறைக்குள் போவதில்லை.

கல்யாண வேலையின் பெரிய சௌகரியம் ஒன்று உண்டு. பாதிப் பணம் முன்னால் வரும், மீதி பையை எடுக்கும்போது வரும். முகூர்த்தம் யாருக்காகவும் நிற்காது, அதனால் பாக்கியும் நிற்காது.

முதல் தவணை ஆடியில் விழுந்தது. கிட்டத்தட்டப் பத்தாயிரம் ரூபாய். பயிற்சியில் கேட்ட கேள்வி மனசில் கிடந்ததால் ஆனியிலேயே ஜவுளிக் கடைகளுக்கு ஏறி இறங்கினேன். ஆடித் தள்ளுபடிக்குப் பை வேண்டுமே! கிடைத்தது. புரட்டாசிக்கு நவராத்திரி, கொலு வைக்கிற வீடுகளுக்குச் சின்னச் சின்னப் பரிசுப் பை. ஐப்பசியில் சபரிமலை இருமுடிப் பை தைத்து முடித்தால், மார்கழியில் பழனிப் பாதயாத்திரைக்காரர்களுக்குத் தோள்பை, மேல்மருவத்தூர் போகிறவர்களுக்குச் சிவப்புப் பை. மூன்று கட்டமும் நிரம்பிவிட்டது. அந்த ஐயாவைப் பார்த்தால் நோட்டைக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டம் நிரம்பியது, பணம் வரவில்லை. ஜவுளிக் கடைக்குப் போனால், "ஆடி முடியட்டும்மா" என்றார்கள். ஆடி முடிந்தது. "தீபாவளி முடியட்டும்மா." 2006ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. சிறு தொழில் செய்கிறவரிடம் சரக்கு வாங்கினால் 45 நாளைக்குள் பணம் கொடுத்தாக வேண்டும், தவறினால் கூட்டு வட்டி, புகார் சொல்ல மன்றம். எனக்குத் தெரிந்த எவரும் அந்த மன்றத்துக்குப் போனதில்லை, நானும் போகவில்லை. போனால் பாக்கி வரலாம், அடுத்த ஆடிக்கு ஆர்டர் வராது. கம்மலை மீட்கப் போன அடகுக் கடையிலேயே, தவணைப் பத்தாயிரத்துக்காக மோதிரத்தையும் வைத்தேன். பிறகுதான் வழக்கத்தை மாற்றினேன். வைகாசி, ஆவணி, தை மாசங்களில் வருகிற கல்யாண முன்பணத்திலிருந்து, ஆடி, புரட்டாசி, மார்கழித் தவணைகளைக் கையோடு பிரித்து வேறொரு கணக்கில் போட்டுவிடுவது. உதவித்தொகை வந்த பழைய 600 ரூபாய்க் கணக்கு சும்மா கிடந்தது, அதையே அதற்கு வைத்துக்கொண்டேன். மாசாமாசம் வியாபாரம் நடக்கிற மாதிரி வங்கிக்குத் தெரிந்தது. வருஷத்தில் ஒன்பது மாசத்துக்குத்தான் நடந்தது.

என் தொழிலுக்கு அரசு செய்த பெரிய உதவி எந்த இளைஞர் திட்டத்திலும் இல்லை. 2018 ஜூன் 5ஆம் தேதி அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்தில் அறிவித்தார். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. பதினான்கு வகையில் 'நான் ஓவன்' பையும் ஒன்று. துணி மாதிரி இருக்கும், துணியில்லை. என் பையைவிட விலை பாதிக்கும் கீழே. நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தது அதனிடம்தான். அந்தத் தை மாசம் வந்த ஆர்டரை என்னால் தைக்க முடியவில்லை. கிராமத்துப் பெண்களுக்கு வீட்டிலேயே மெஷின் கொடுத்துத் தைத்து வாங்கினேன். வட்டிக்காரர் அசலில் பாதி அடைந்ததும் அந்த வருஷம்தான். ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ எந்திரம் வாங்கக் கடன் கொடுப்பது எளிது. அந்த எந்திரம் செய்கிற பொருளை வாங்க ஆள் உண்டாக்குவது வேறு வேலை, அதை அரசு நினைத்தால் ஓர் ஆணையில் செய்துவிட முடிகிறது என்பதை அப்போது பார்த்தேன். சோதனைக்கு வருகிறவர்கள் வராமல் போனதும் நான் ஓவன் பை கடைகளில் திரும்ப முளைத்ததையும் பார்த்தேன். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியபோது மறுபடி கொஞ்சம் மூச்சு வந்தது.

நடுவில் கொரோனா. ஆயிரம் பை கேட்ட கல்யாணங்கள் ஐம்பது பேரோடு வீட்டு வாசலில் முடிந்தன. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணை கட்ட வேண்டாம் என்றது ரிசர்வ் வங்கி. வட்டி மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. காடாவில் முகக்கவசம் தைத்தோம். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கிளைக்கு ஒரு புது மேலாளர் வந்தார், என் வயசுதான் இருக்கும். ஒரு மார்கழியில் தவணை தவறி, என்ன சொல்லப் போகிறாரோ என்று போய் நின்றேன். என் கணக்கைக் கணினியில் பார்த்தார். "ஏன் இந்த மூணு மாசத்துல மட்டும் திணறுறீங்க?" என்றார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அதே கேள்வி. முகூர்த்தக் கதையைச் சொன்னேன். அவர் எழுந்துபோய் ஏதோ சுற்றறிக்கையைப் பார்த்துவிட்டு வந்தார். நலிவடைகிற சிறு தொழில்களை மீட்க 2016இல் ரிசர்வ் வங்கி வகுத்த வழிமுறை ஒன்று உண்டாம். தவணை பாக்கி நின்றால், வாராக் கடன் என்று முத்திரை குத்துமுன் கணக்கைப் பார்த்துத் திருத்த வழி செய்ய வேண்டும். பத்து லட்சம் வரையிலான கடனுக்குக் கிளை மேலாளரே அதைச் செய்யலாம். தவணைகளைத் தை, வைகாசி, ஆவணிக்குக் கூட்டியும் மற்ற மாசங்களில் குறைத்தும் மாற்றிக் கொடுத்தார். வேலை ஒரு பிற்பகலில் முடிந்துவிட்டது. விதி அத்தனை வருஷமாக இருந்திருக்கிறது. கம்மலும் மோதிரமும் அடகில் கிடந்த காலத்திலும் அது இருந்தது.

பயிர்க்கடனுக்கு அறுவடையைப் பார்த்துத்தான் தவணை வைக்கிறார்கள். நெல்லுக்கு ஒரு காலம், கரும்புக்கு ஒரு காலம் என்று வங்கிக்குத் தெரியும். முகூர்த்தத்தை நம்பி இருக்கிற தொழில்களை எண்ணிப் பாருங்கள்: பந்தல், சமையல், பூ, நாதஸ்வரம், போட்டோ, பத்திரிகை அச்சு, பை. இவற்றுக்கெல்லாம் இளைஞர் கடன் கொடுக்கிறோம், எல்லோருக்கும் மாசாமாசம் ஒரே தவணை. கலெக்டர் அலுவலகக் கூட்டம் ஒன்றில் இதைச் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். அங்கே பேசப்படுகிற எண்கள் எத்தனை விண்ணப்பம், எத்தனை ஒப்புதல், எத்தனை பேருக்குப் பணம் போனது என்பவை. மார்ச் மாசம் நெருங்க நெருங்க அவை வேகமாக ஏறும். மூன்றாம் வருஷம் ஷட்டர் திறந்திருக்கிறதா என்பதற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.

என்னிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் அச்சு வேலைக்கு வருகிற பெண் ஒருத்தி கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். புதுமைப்பெண் திட்டத்தில் மாசம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்கில் விழுகிறது. ஆறாவது முதல் அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்கிற பெண்களுக்காக 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்று 2024 ஆகஸ்டில் வந்துவிட்டது. கல்லூரியிலேயே நான் முதல்வன் திட்டத்தில் திறன் வகுப்பும் நடக்கிறது. வகுப்பைப் பற்றிக் கேட்டால், "பரவாயில்லக்கா" என்பாள். ஆயிரத்தைப் பற்றிக் கேட்டால் முகம் மாறும். கண்ணாடி போட்டுக்கொண்டதும், பீஸ் கட்ட ஊரில் கைநீட்டாமல் இருந்ததும் அதில்தான். எனக்கு அவள்மேல் கொஞ்சம் பொறாமை உண்டு. ஆயிரம் பெரிது, அறுநூறு சிறிது என்பதால் இல்லை. நான் படித்தவள், ஆனால் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் என் பணம் வந்தது. அவள் படித்துக்கொண்டிருக்கிறாள் என்பதற்காக அவளுக்கு வருகிறது. வாங்குகிற கைக்கு அந்த வித்தியாசம் தெரியும். இளைஞர்களுக்கு என்ன செய்யலாம் என்று யாராவது என்னைக் கேட்டால், இதைத்தான் முதலில் சொல்வேன். கடனை இரண்டாவதாகச் சொல்வேன்.

கேட்க வருகிறவர்கள் உண்டு. கடன் முடிந்து, மானியமும் கழிந்து, நல்லபடியாக இருக்கிறாள் என்று பெயர் வந்துவிட்டதால், தொழில் மையத்திலிருந்தே சிலரை அனுப்புகிறார்கள். போன வருஷம் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். பந்தல், சீரியல் லைட் வாடகைக்கு விடுகிற தொழில் தொடங்கப் போகிறான். ஸ்பைரல் போட்ட அறிக்கை கையில் இருந்தது. திறந்து பார்த்தேன், 300 நாள், 70, 80, 90. மாடியில் இருக்கிறவர் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறார் போல.

ஐயா குரலை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்: "ஆடியில என்ன செய்வீங்க தம்பி?"

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். "ஆடியிலதானக்கா எனக்கு வேலையே. இருக்கன்குடி ஆடி கடைசி வெள்ளி இருக்கு, ஊர் ஊருக்கு மாரியம்மன் கோயில் கொடை இருக்கு. லைட்டே பத்தாது."

எனக்கு வாயடைத்துவிட்டது. "சரி, அப்ப எப்ப கஷ்டம்?"

யோசித்தான். "ஐப்பசி, கார்த்திகைக்கா. மழை. கம்பு நட முடியாது, வயரெல்லாம் நனையும். ஷெட்டுல போட்டு எலிகிட்ட இருந்து காப்பாத்துறதே வேலை."

நோட்டில் பன்னிரண்டு கட்டம் போட்டோம், சித்திரையிலிருந்து. ஒவ்வொரு மாசமும் என்ன வரும், யார் உடனே கொடுப்பார்கள், யார் இழுப்பார்கள் என்று எழுதினோம். கோயில் கமிட்டி வரி வசூல் முடிந்துதான் கொடுக்கும் என்று அவனே சொன்னான். தவணை மழைக்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று அடியில் ஒரு வரி சேர்த்தோம். அதைத் தட்டச்சு செய்து அறிக்கையில் எட்டாம் பக்கமாக வைத்துக் கொண்டுபோனான்.

சில நாள் கழித்துப் போன் செய்தான். படிவத்தில் இதற்கு இடமில்லை, அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டுக் கொண்டுவா என்று வங்கியில் சொல்லிவிட்டார்களாம். "எடுத்துரவாக்கா?" என்றான். எடுக்காதே, அது யார் சொன்னது என்று பெயர் கேட்டு வாங்கு, நான் தொழில் மையத்தில் பேசுகிறேன் என்றேன். பேசியிருக்கிறேன். பக்கம் இன்னும் அறிக்கையில்தான் இருக்கிறது, கடன் இன்னும் வரவில்லை.